தராசுக்காக ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும்போது: பேக்கப்-அழிப்பு ஸ்கிரிப்ட் கோளாறுகள், அறிகுறிவாரியாக

நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் பக்கத்துத் தேயிலைக் கொள்முதல் மையங்களில் கணினி பார்க்கப் போகிறவர்களுக்கு இது பழகிப்போன புகார். எலக்ட்ரானிக் தராசிலிருந்து யுஎஸ்பி-சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கு எடை வரும். கூட்டிப் பெருக்கும்போது கேபிளைப் பிடுங்கி வேறு துளையில் செருகியிருப்பார்கள். மலிவான கேபிள்களின் சிப்பில் தனி வரிசை எண் இருப்பதில்லை. அதனால் துளை மாறினால் விண்டோஸ் அதைப் புது சாதனமாக எடுத்துக்கொண்டு புது காம் எண் (இணைப்புக்கு விண்டோஸ் வைக்கும் அடையாள எண்) கொடுத்துவிடும். காம் 3, 4, 5 என்று ஏறி 9-ஐத் தாண்டியதும் பழைய பில் மென்பொருள் பல படுத்துவிடும். இரண்டு இலக்க எண்ணைத் திறக்க வேறு விதமாக எழுத வேண்டும், அவற்றுக்கு அது தெரியாது.

அப்புறம் யாராவது ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு கோப்பு) அனுப்புவார்கள்: ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் தரவுத்தளத்தில்) பழைய எண் பதிவை அழி, கணினியை ரீஸ்டார்ட் செய். தராசுப் பிரச்சினை போய், ஸ்கிரிப்ட் பிரச்சினை வந்துவிடும். இங்கே நான் பார்ப்பது அந்த இரண்டாவது பிரச்சினையை. நீக்கிய பிரிண்டரின் மிச்சம், பழைய பில் மென்பொருளின் எச்சம் என்று எதை அழிக்கப் போனாலும் கோளாறுகள் இவைதான்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில்: அழித்தே ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து வியூ மெனுவில் "ஷோ ஹிடன் டிவைசஸ்" கொடுங்கள். போர்ட்ஸ் பகுதியில் மங்கலாகத் தெரிபவை எல்லாம் இப்போது செருகப்படாத பழைய போர்ட்டுகள். ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் செய்தால் அவை பிடித்து வைத்திருந்த எண்ணும் விடுபடும். பிறகு வேலை செய்கிற போர்ட்டின் போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு உள்ளே போய்ப் பழைய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். இது முடிந்ததும் அந்த யுஎஸ்பி துளைக்குப் பக்கத்தில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வையுங்கள். மழைக்காலத்தில் துளையின் உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்பதையும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்பு விட்டு விட்டு வந்தால் எந்த ஸ்கிரிப்டாலும் பயனில்லை.

இதெல்லாம் செய்தும் எண் "இன் யூஸ்" என்றே நின்றால்தான் ரெஜிஸ்ட்ரி. ஹெச்கேஎல்எம்\சிஸ்டம்\கரன்ட்கன்ட்ரோல்செட்\கன்ட்ரோல்\காம் நேம் ஆர்பிட்டர் என்ற கீயில் (ஃபோல்டர் போன்றது) காம்டிபி என்று ஒரு வேல்யூ (கீயின் உள்ளே இருக்கும் ஒரு பதிவு) இருக்கும். ஹெச்கேஎல்எம் என்பது கணினி முழுவதற்குமான பகுதி. எந்தெந்த எண் எடுக்கப்பட்டது என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. அந்த ஒரு வேல்யூவை அழித்தால் போதும், கீயை முழுதாக அழிக்கத் தேவையில்லை. மங்கலான போர்ட்டுகளை முன்பே நீக்காமல் இதை மட்டும் அழித்தால், இரண்டு சாதனங்கள் ஒரே எண்ணுக்கு வந்து நிற்கும். வரிசையை மாற்றாதீர்கள்.

ஸ்கிரிப்ட் எந்த மொழியில் இருந்தாலும் அதன் போக்கு இப்படித்தான் இருக்க வேண்டும்: பாதை காலியாக இல்லை என்று பார், பதிவு இருக்கிறதா என்று ரெக் க்வெரியால் கேள், ரெக் எக்ஸ்போர்ட்டால் கோப்பில் எடு, அந்தக் கோப்பைத் திறந்து தேவையான பெயர் உள்ளே இருக்கிறதா என்று பார், அதன் பிறகு ரெக் டெலீட், கடைசியாக மறுபடி க்வெரி. இதில் ஒரு படி தோற்றாலும் அடுத்த படிக்குப் போகக் கூடாது. கீழே வருகிற கோளாறுகளில் பாதி, இந்தப் படிகளில் ஒன்றை விட்டதால் வருபவை.

அறிகுறி 1: ஸ்கிரிப்ட் ஓடி முடிந்தது, பதிவு அழிந்தது, பேக்கப் கோப்பைக் காணோம்

"அண்ணே, பேக்கப் எடுத்துட்டுத்தான் அழிச்சேன். ஃபைலத்தான் காணோம்." போனில் அதிகம் வருவது இதுதான். எளிய காரணத்திலிருந்து பாருங்கள்.

*கோப்பு வேறு இடத்தில் இருக்கிறதா?* பேட்ச் கோப்பை (கமாண்ட் ப்ராம்ப்ட் கட்டளைகளால் எழுதிய ஸ்கிரிப்ட்) "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்று திறந்தால் அது சி:\விண்டோஸ்\சிஸ்டம்32 ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓடும். ஸ்கிரிப்டில் வெறும் "பேக்கப்.ரெக்" என்று எழுதியிருந்தால் கோப்பு அங்கேதான் கிடக்கும். முதலில் அங்கே தேடுங்கள். இனிமேல் முழுப் பாதை எழுதுங்கள், அல்லது ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரைக் குறிக்கும் %~டிபி0 என்பதை முன்னால் சேருங்கள். டெஸ்க்டாப் என்று எழுதியிருந்து ஒன்டிரைவ் போட்டிருந்தால், கண்ணுக்குத் தெரியும் டெஸ்க்டாப் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும். ஸ்கிரிப்ட் எழுதியது வேறு டெஸ்க்டாப்பில் இருக்கும்.

*பெயரில் தேதி, நேரம் சேர்த்தீர்களா?* %டேட்% தருவது கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்தது. சில கணினிகளில் இடைக்கோடு, சிலவற்றில் சாய்கோடு. சாய்கோடு வந்தால் விண்டோஸ் அதை ஃபோல்டர் பிரிப்பாக நினைத்துக்கொள்ளும். அப்படி ஒரு ஃபோல்டர் இல்லாததால் எக்ஸ்போர்ட் தோற்கும். %டைம்% இன்னும் மோசம். அதில் முக்காற்புள்ளி இருக்கும், காலை 10 மணிக்கு முன் முன்னால் ஓர் இடைவெளியும் வரும். ஒருவர் மதியம் சோதித்துப் பார்த்த ஸ்கிரிப்ட் இன்னொருவரிடம் காலை ஒன்பதுக்குத் தோற்பது இப்படித்தான். விண்டோஸின் புதிய கட்டளை மொழியான பவர்ஷெல்லின் கெட்-டேட் கட்டளையில் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்று இலக்கங்களை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

*எக்ஸ்போர்ட் தோற்றும் டெலீட் ஓடியதா?* ஆபத்தான காரணம் இது. ரெக் கட்டளை வென்றால் 0, தோற்றால் 1 என்று திருப்பித் தரும். அதை %எரர்லெவல்% மூலம் பார்க்கிறேன் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருப்பார்கள். பேட்ச் மொழியில் ஓர் அடைப்புக்குறித் தொகுதி முழுவதும் ஓடத் தொடங்கும் முன்பே படிக்கப்பட்டுவிடும். அதனால் உள்ளே இருக்கும் %எரர்லெவல்% பழைய மதிப்பையே காட்டும். எக்ஸ்போர்ட் தோற்றிருக்கும், ஸ்கிரிப்டோ 0 என்று நினைத்து அழித்துவிடும். "இஃப் எரர்லெவல் 1" என்று எழுதுங்கள், அல்லது இரண்டு கட்டளைகளுக்கும் நடுவே && போடுங்கள். முதலாவது வென்றால்தான் இரண்டாவது ஓடும்.

*இரண்டு முறை ஓடியதா?* கோப்பு இருக்கிறது, உள்ளே பதிவு இல்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள். ஒரே கோப்புப் பெயர் வைத்து, கேள்வி கேட்காமல் மேலெழுதும் /ஒய் சேர்த்திருந்தால், இரண்டாவது ஓட்டம் அழித்த பிறகான நிலையை எடுத்து நல்ல பேக்கப்பின் மேல் எழுதிவிடும். /ஒய் போடாவிட்டால் ஸ்கிரிப்ட் "மேலெழுதவா?" என்று கேட்டு நின்றுவிடும். திரை தெரியாமல் டாஸ்க் ஷெட்யூலரில் ஓடுகிற ஸ்கிரிப்ட் அப்படி நின்றால் யாருக்கும் தெரியாது. நேர முத்திரையுள்ள பெயர் இரண்டையும் தவிர்க்கும்.

இன்னொன்று. எக்ஸ்போர்ட் கோப்பு யூடிஎஃப்-16 எழுத்துமுறையில் வரும். கோப்பில் சொல் தேடும் ஃபைண்ட்ஸ்டிஆர் கட்டளை அதில் சரியாகத் தேடாது. இருக்கும் பெயரையே "இல்லை" என்று சொல்லிவிடும். பவர்ஷெல்லின் செலக்ட்-ஸ்ட்ரிங் சரியாகத் தேடும்.

கோப்பு எங்குமே இல்லை, பதிவும் போய்விட்டது என்றால் அறிகுறி 5-க்குப் போங்கள். அதுவரை கணினியில் எதையும் புதிதாக நிறுவ வேண்டாம்.

அறிகுறி 2: "ஆக்சஸ் இஸ் டினைட்"

ஹெச்கேஎல்எம் கீழ் எதை அழிக்கவும் அட்மின் உரிமையோடு திறந்த ஜன்னல் வேண்டும். கணக்கு அட்மின் கணக்காக இருப்பது போதாது, ஜன்னலின் தலைப்பில் "அட்மினிஸ்ட்ரேட்டர்" என்று இருக்க வேண்டும். ஸ்கிரிப்டின் முதல் வரியில் "நெட் செஷன்" கட்டளையை ஓட்டிப் பாருங்கள். அது தோற்றால் அட்மின் இல்லை என்று சொல்லி ஸ்கிரிப்டை அங்கேயே முடித்துவிடலாம்.

அட்மினாக ஓடியும் மறுக்கிறதா? கீ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கரன்ட்கன்ட்ரோல்செட்\ஈனம் கீழ் இருந்தால், அது சாதனப் பட்டியல். அதன் உரிமை சிஸ்டம் கணக்கிடம் இருக்கிறது. உரிமையை மாற்றி அழிக்கும் வழியை இணையத்தில் எழுதியிருப்பார்கள், செய்யாதீர்கள். டிவைஸ் மேனேஜர் இருக்கிறது. ஸ்கிரிப்டிலேயே வேண்டுமென்றால் விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பிலிருந்து பிஎன்பியூட்டில் கட்டளையில் /ரிமூவ்-டிவைஸ் இருக்கிறது. உரிமையாளர் ட்ரஸ்டட்இன்ஸ்டாலர் என்று இருந்தாலும் பேச்சு அதேதான்: அது விண்டோஸின் சொந்தச் சொத்து, விட்டுவிடுங்கள். ஆன்டிவைரஸ் தன் கீகளைத் தானே காவல் காக்கும், அதற்கு அதன் சொந்த நீக்கு கருவியைத்தான் தேட வேண்டும்.

"ரெஜிஸ்ட்ரி எடிட்டிங் ஹேஸ் பீன் டிசேபிள்டு பை யுவர் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்று வந்தால்? அலுவலகக் கணினியில் அது நிர்வாகத்தின் முடிவு, அவர்களிடம் கேளுங்கள். வீட்டுக் கணினியில், நீங்கள் போடாத தடை இருக்கிறதென்றால் வைரஸைச் சந்தேகியுங்கள். அழிப்பு வேலையை நிறுத்திவிட்டு முழு ஸ்கேன்.

அறிகுறி 3: ரெஜெடிட்டில் (ரெஜிஸ்ட்ரியைத் திறந்து காட்டும் நிரல்) கண்ணெதிரே இருக்கிறது, ஸ்கிரிப்ட் "இல்லை" என்கிறது

மேற்கோள் குறியில் தொடங்குங்கள். "காம் நேம் ஆர்பிட்டர்" போல நடுவே இடைவெளி உள்ள பாதையை மேற்கோளுக்குள் போடாவிட்டால் "இன்வாலிட் சின்டாக்ஸ்" வரும். வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டியதென்றால் மேற்கோள் வளைந்திருக்கும், கழித்தல் குறி நீண்டிருக்கும். கட்டளையைக் கையால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். பாதையின் கடைசியில், மேற்கோளுக்குச் சற்று முன் பின்சாய்கோடு இருந்தால் எடுத்துவிடுங்கள். பெயரில் விழுக்காட்டுக் குறி இருந்தால் பேட்ச் கோப்பில் அதை இரண்டாகப் போட வேண்டும்.

அடுத்து 32-பிட், 64-பிட் விவகாரம். 64-பிட் விண்டோஸில் 32-பிட் மென்பொருளின் பதிவுகள் ஹெச்கேஎல்எம்\சாஃப்ட்வேர்\வாவ்6432நோட் கீழ் ஒதுங்கியிருக்கும். பழைய பில் மென்பொருள் அநேகமாக 32-பிட்தான். எதிர்ப்பக்கமும் நடக்கும்: 32-பிட் நிரல் ஒன்று உங்கள் ஸ்கிரிப்டைக் கூப்பிட்டால், ஸ்கிரிப்ட் முழுவதும் அந்த ஒதுக்கிடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். கட்டளைக் கடைசியில் /ரெக்:32 அல்லது /ரெக்:64 போட்டு எது என்று சொல்லிவிடுங்கள். எக்ஸ்போர்ட்டிலும் டெலீட்டிலும் ஒன்றையே போட வேண்டும். ஒன்றை எடுத்து மற்றதை அழித்தால் பேக்கப் எடுத்தும் எடுக்காத கதைதான்.

மூன்றாவது, யாருடைய ரெஜிஸ்ட்ரி என்பது. மையத்தில் எழுத்தர் சாதாரணக் கணக்கில் வேலை செய்வார். அட்மின் பாஸ்வேர்டு முதலாளியிடம் இருக்கும். முதலாளி வந்து பாஸ்வேர்டு தட்டி ஸ்கிரிப்டை ஓட்டினால், ஹெச்கேசியூ (ஓட்டுகிற பயனருக்கு மட்டுமான பகுதி) என்பது முதலாளியின் கணக்காகிவிடும். எழுத்தரின் பதிவு அப்படியே இருக்கும். ஹெச்கேசியூவில் தன்னுடைய பதிவை அழிக்கப் பெரும்பாலும் அட்மின் தேவையில்லை, எழுத்தரே சாதாரண ஜன்னலில் ஓட்டட்டும்.

அறிகுறி 4: அழித்தது மறுபடி வந்து நிற்கிறது

எழுதுகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். பில் மென்பொருள் திறந்திருக்கிறதா, கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னமாக ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். பல மென்பொருள்கள் மூடும்போதுதான் அமைப்புகளை எழுதும். திறந்திருக்கையில் அழித்தால் மூடும்போது திரும்ப எழுதிவிடும். பிரிண்டர் பதிவுகளுக்கு "நெட் ஸ்டாப் ஸ்பூலர்" கொடுத்து, அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலரை நிறுத்திய பிறகு அழியுங்கள், பின்பு "நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்".

சாதனம் தொடர்பானது என்றால் கேபிளைக் கழற்றிவிட்டு அழியுங்கள். அப்புறம் ஷட் டவுன் அல்ல, ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போட்டிருந்தால் ஷட் டவுன் முழு மூடல் ஆகாது. விண்டோஸின் உள்பகுதியைத் தூங்கவைத்து எழுப்புவதோடு சரி.

நிறுவன நெட்வொர்க்கில் சேர்ந்த கணினியில் இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பி வந்தால் குரூப் பாலிசி (நிர்வாகம் எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பும் விதிகள்). அது 90 நிமிடத்துக்கு ஒருமுறை, கூட 30 நிமிடம் வரை தாமதித்துத் தன் அமைப்புகளை மறுபடி பூசும். உங்கள் ஸ்கிரிப்டால் அதை வெல்ல முடியாது. நெட்வொர்க் பார்ப்பவரைக் கூப்பிடும் இடம் இது.

அறிகுறி 5: வேண்டியதற்கு மேல் அழிந்துவிட்டது

முதல் வேலை: ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் பல அமைப்புகளை நினைவகத்தில் வைத்திருக்கும். சரிசெய்ய உங்களுக்கு இருக்கும் நல்ல நேரம் இப்போதுதான். பில் தரவு, இலைக் கணக்கு எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். பேக்கப் கோப்பு இருந்தால் ரெக் இம்போர்ட் செய்யுங்கள். இல்லையென்றால் சிஸ்டம் ரெஸ்டோர் (முன்பு சேமித்த நிலைக்கு விண்டோஸைத் திருப்பும் வசதி).

என்ன நடந்தது என்று பார்ப்போம்.

/வி விட்டுப்போயிருக்கலாம். /வி இல்லாத ரெக் டெலீட், வேல்யூவை அல்ல, கீயையே துணைக் கீகளோடு அழிக்கும். /எஃப் சேர்ந்தால் கேட்கவும் செய்யாது. /விஏ என்றால் கீயில் உள்ள எல்லா வேல்யூவும். /விஇ என்றால் பெயரில்லாத டீஃபால்ட் மட்டும்.

மாறி (மதிப்பை வைத்திருக்கும் பெயர், வேரியபிள்) காலியாக இருந்திருக்கலாம். "ஹெச்கேசியூ\சாஃப்ட்வேர்\%பெயர்%" என்று எழுதி, பெயர் நிரம்பாமல் போனால் பாதை சாஃப்ட்வேரோடு நின்றுவிடும். "இஃப் நாட் டிஃபைன்டு" என்று ஒரு வரி போதும், தடுத்திருக்கலாம். மேல்மட்டக் கீகளின் பெயர்களைத் தடைப்பட்டியலாக வைத்து, பாதை அவற்றில் ஒன்றோடு முடிந்தால் ஸ்கிரிப்ட் ஓடாதபடி செய்வது இன்னும் நல்லது.

பவர்ஷெல் என்றால் நட்சத்திரக் குறி. வலது கிளிக் மெனுவின் பதிவுகள் பல, ஹெச்கேசிஆர் (கோப்பு வகைகளுக்கான பகுதி) கீழ் "*" என்றே பெயர் கொண்ட கீயில் இருக்கின்றன. ரிமூவ்-ஐட்டம் கட்டளையில் அதைச் சாதாரணப் பாதையாகக் கொடுத்தால் நட்சத்திரம் "எல்லாமே" என்று பொருள்படும். ஆயிரக்கணக்கான கீகளைத் துழாவிக்கொண்டு போகும், பொருந்துவதை எல்லாம் அழிக்கும். -லிட்டரல்பாத் என்று கொடுத்தால் நட்சத்திரம் வெறும் எழுத்து. சதுர அடைப்புக்குறி உள்ள பெயர்களுக்கும் இதுவே. பவர்ஷெல்லில் எதை அழிப்பதற்கும் முன் -வாட்இஃப் சேர்த்து ஓட்டுங்கள். எதை அழிப்பேன் என்று சொல்லும், அழிக்காது. பேட்சைவிட எனக்குப் பவர்ஷெல் பிடிப்பதற்கு இந்த ஒன்றே காரணம்.

சிஸ்டம் ரெஸ்டோரை நம்புவதற்கு முன் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், பல கணினிகளில் அணைந்தே இருக்கும். ஸ்கிரிப்டில் மீட்புப் புள்ளி உருவாக்கும் செக்பாயின்ட்-கம்ப்யூட்டர் போட்டிருந்தாலும், விண்டோஸ் 8-லிருந்து இயல்பாக 24 மணி நேரத்தில் ஒன்றுக்கு மேல் உருவாகாது. இன்று காலையில் ஏற்கெனவே ஒன்று உருவாகியிருந்தால் மாலை ஓட்டத்துக்குப் புதிது இருக்காது.

அறிகுறி 6: பேக்கப்பைத் திருப்பிப் போட்டாயிற்று, பழையபடி இல்லை

ரெக் இம்போர்ட் மாற்றி வைக்காது, கலக்கும். கோப்பில் இருப்பதை எழுதும், நடுவில் புதிதாக வந்து சேர்ந்த வேல்யூக்களைத் தொடாது. பழைய நிலை அப்படியே வேண்டுமென்றால், இப்போதைய நிலையை வேறு பெயரில் எடுத்துக்கொண்டு, கீயை அழித்து, பிறகு இம்போர்ட்.

"சில கீகள் சிஸ்டத்தால் திறக்கப்பட்டுள்ளன" என்ற பொருளில் செய்தி வந்தால் மென்பொருளை மூடி, அட்மினாக மறுபடி போடுங்கள்.

.ரெக் கோப்பில் அனுமதி விவரங்கள் இருக்காது. மென்பொருள் முன்பு எழுத முடிந்த கீயில் இப்போது எழுத முடியவில்லை என்றால் காரணம் இதுதான். அனுமதியும் வேண்டுமென்றால் எடுக்கும்போதே ரெக் சேவ் கட்டளையில் எடுத்திருக்க வேண்டும். அது அட்மின் கேட்கும், திருப்பிப் போட ரெக் ரெஸ்டோர்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிட்டனவா? யாரோ அந்தக் கோப்பைப் பழைய எடிட்டரில் திறந்து ஏஎன்எஸ்ஐ என்ற பழைய எழுத்துமுறையில் சேமித்திருக்கிறார்கள். பேக்கப் கோப்பைத் திறந்து பார்த்தால் சேமிக்காமல் மூடுங்கள். எடுத்த கையோடு ரீட்-ஒன்லி ஆக்கிவிடுவது நல்ல பழக்கம்.

அறிகுறி 7: விண்டோஸ் எழவில்லை

ஸ்கிரிப்டால் வந்திருக்கலாம், கரண்டால் வந்திருக்கலாம். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர் பக்கம்; அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி பக்கம். மழையில் மரம் விழுந்து கரண்ட் போவது சகஜம். ரெஜிஸ்ட்ரி எழுதும் நேரத்தில் போனால் அது சேமிக்கப்படும் ஹைவ் கோப்பே கெடலாம். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் மழை நாளில் இந்த ஸ்கிரிப்டை ஓட்டவே ஓட்டாதீர்கள்.

சில முறை தோற்றதும் தானாகவே நீலத் திரை மெனு வரும். அங்கே சிஸ்டம் ரெஸ்டோரை முதலில் முயலுங்கள். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அது எழுதி வைத்த தாள் கையில் இல்லையென்றால் இங்கேயே நிறுத்துங்கள்.

கமாண்ட் ப்ராம்ப்டில் போய் .ரெக் கோப்பை இம்போர்ட் செய்பவர்கள் உண்டு. வெற்றி என்று வரும், ஒன்றும் மாறாது. அங்கே ஓடுவது மீட்புச் சூழலின் சொந்த ரெஜிஸ்ட்ரி, நீங்கள் எழுதியது அதில். உங்கள் கணினியின் ஹைவை ரெக் லோட் மூலம் ஏற்றி, பேக்கப் கோப்பின் ஒரு நகலில் பாதையை அந்தப் பெயருக்கு மாற்றி எழுத வேண்டும். கரன்ட்கன்ட்ரோல்செட் என்பது அங்கே இருக்காது. செலக்ட் கீயில் கரன்ட் எந்த எண் என்று பார்த்து, 1 என்றால் கன்ட்ரோல்செட்001. டிரைவ் எழுத்துகளும் மாறியிருக்கலாம், சி என்று நினைப்பது டி ஆக இருக்கும். முடித்ததும் ரெக் அன்லோட். இந்தப் பத்தியைப் படித்ததும் தலை சுற்றினால் செய்ய வேண்டாம், ஆள் கூப்பிடுங்கள்.

விண்டோஸ் முன்பு ரெஜிஸ்ட்ரி நகலை வைத்த ரெக்பேக் ஃபோல்டரிலிருந்து நகலெடுக்கச் சொல்லும் பழைய குறிப்புகளையும் அப்படியே செய்யாதீர்கள். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அந்தத் தானியங்கிப் பேக்கப் இயல்பாக நின்றுவிட்டது. கோப்புகள் இருக்கும், அளவு 0 கேபி. அதை எடுத்து நல்ல ஹைவின் மேல் எழுதினால் மிச்சமிருந்ததும் போகும்.

ஹார்ட் டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, கோப்பு நகலெடுக்கும்போது நின்று நின்று போனாலோ, கணினியை அணைத்துவிட்டுத் தரவு மீட்பவரிடம் கொடுங்கள். மலைப்பாதையில் மண்சரிவு என்று சாலை மூடியிருந்தால் காத்திருங்கள், நடுவில் போட்டுப் பார்க்க வேண்டாம். வருகிறவரிடம் மூன்றைக் கொடுங்கள்: ஓடிய ஸ்கிரிப்டின் நகல், பேக்கப் கோப்பு, கடைசியாகத் திரையில் வந்த செய்தியின் போட்டோ.